ஐந்து வயது மகளைப் பிறந்தநாள் விழாவில் விட்டுவிட்டு வரலாமா?

கோலாலம்பூர், செந்தூலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகளுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளிக்குப் போகிறாள். கூடப் படிக்கும் தோழியின் பிறந்தநாள் வரும் சனிக்கிழமை மாலை 3 மணியிலிருந்து 6 மணி வரை, வங்சா மாஜுவில் ஒரு கொண்டோமினியத்தில். ஏழாவது மாடி மண்டபத்தில் கேக் வெட்டு. மண்டபத்தை ஒட்டியே நீச்சல் குளம். "நீச்சல் உடை கொண்டு வரவும். பெற்றோர் விட்டுவிட்டுப் போகலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாட்சாப்பில் அழைப்பு வந்திருக்கிறது. அழைத்தவர்களைப் பள்ளி வாசலில் பார்த்துச் சிரித்ததோடு சரி, பழக்கமில்லை. மகளுக்கு முட்டை ஒவ்வாமை உண்டு: உடம்பெல்லாம் தடிக்கும், ஒருமுறை உதடும் வீங்கியிருக்கிறது.

"மூணு மணி நேரம்தானே லா, எல்லாரும் விட்டுட்டுத்தான் போவாங்க. நீ மட்டும் உட்கார்ந்திருந்தா அவங்களை நம்பலைன்னு ஆகாதா?" என்கிறார் கணவர். "கூப்பிட்ட இடத்துக்குக் குடும்பமா போறதுதான் மரியாதை, சின்னவனையும் தூக்கிட்டுப் போ" என்கிறார் மாமியார். சின்னவனுக்கு ஒன்றரை வயது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பேரங்காடி விளையாட்டுக்கூடத்தில் நடந்த விழாவில், மகள் பந்துக் குளத்தில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து இவர் சொல்லாமல் நழுவியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், பிள்ளை வெளியே லிப்ட் ஓரத்தில் அழுதுகொண்டு நிற்கிறாள். பக்கத்தில் யாரோ ஒரு பணியாளர். அன்றிலிருந்து பள்ளி வாசலிலும் கையை விடுவதில்லை. "எப்போதும் கூடவே இருந்து நான்தான் இவளைக் கோழையாக்கிவிட்டேனோ?" என்று கேட்கிறார். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் சட்டப்படி குற்றம் என்று தோழி சொன்னாராம். ஏதாவது நடந்தால் அழைத்தவர்தான் முழுப் பொறுப்பு என்பது கணவரின் வாதம். போதாததற்கு, அடுத்த மாதம் இவர் மகளுக்கே ஆறாவது பிறந்தநாள். 15 பிள்ளைகளை அழைக்கப் போகிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமைக்கு என் பதில்: போங்கள், கூடவே இருங்கள். சின்னவனை வீட்டில் விட்டுவிடுங்கள். ஐந்து வயது, நீச்சல் குளம், முட்டை ஒவ்வாமை, பழக்கமில்லாத வீட்டார் ஆகிய நான்கும் ஒரே மாலையில் சேர்ந்திருக்கின்றன. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நிதானமாக யோசிக்கலாம் என்றிருப்பேன். நான்கும் சேரும்போது யோசிக்க ஒன்றுமில்லை.

அதற்காக உங்கள் கணவர் சொல்வது தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிள்ளை நம்மை விட்டுப் பழக வேண்டும் என்ற அவருடைய எண்ணம் சரி. எப்போது, எப்படி என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

நழுவியதுதான் காரணம்

முதலில் உங்கள் மனதை உறுத்துவதைப் பேசிவிடுவோம். நீங்கள் கூட இருந்ததால் அவள் பயந்தாங்கொள்ளி ஆகவில்லை. சொல்லாமல் போனதால்தான் இப்போது கையை விட மறுக்கிறாள். விளையாடும் பிள்ளைக்கு அம்மா இருக்கும் இடம் மனதில் பதிந்திருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டாலும் அம்மா அங்கே இருப்பார் என்ற தைரியத்தில்தான் அது பந்துக் குளத்துக்குள் குதிக்கிறது. திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஆளில்லை என்றால், "விளையாட்டில் மூழ்கினால் அம்மா காணாமல் போய்விடுவார்" என்ற பாடத்தைத்தான் அது கற்றுக்கொள்ளும். பிறகு எங்கே போனாலும் கண்காணிப்பு வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். பள்ளி வாசலில் நீங்கள் பார்ப்பது அந்தக் கண்காணிப்புதான்.

அழவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நம் வீடுகளில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். பாட்டி பிள்ளைக்கு வேடிக்கை காட்டும் நேரத்தில் அம்மா பின்வாசல் வழியாக வேலைக்குக் கிளம்புவார். அந்த நிமிட அழுகை தவிர்க்கப்படும். அடுத்த பல வாரங்களுக்கு ஒட்டிக்கொள்ளல் கூடும். இனி எங்கே விட்டாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே போகிறீர்கள், எதற்குப் பிறகு வருவீர்கள் என்பதை அவளுக்குப் புரியும் அளவில் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு "நாலரை மணிக்கு" என்பது அர்த்தமில்லாத சொல். "கேக் சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்றால் புரியும். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நில்லுங்கள். அழுதால் ஒரு அணைப்பு, ஒரு வாக்கியம், பிறகு கிளம்ப வேண்டியதுதான். வாசலில் பத்து நிமிடம் சமாதானம் செய்தால், இங்கே ஏதோ ஆபத்து இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

பள்ளியில் இந்த முறையை விடாமல் கடைப்பிடித்தால் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புவாள். ஒரு மாதம் தாண்டியும் வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல், சாப்பிட மறுப்பது என்று நீண்டால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

உங்கள் தோழி சொன்ன 12 வயது என்ற எல்லை நம் மலேசியச் சிறார் சட்டத்தில் இல்லை. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 33ஆவது பிரிவு, வயது எதையும் குறிப்பிடாமல் சூழ்நிலையைப் பார்க்கிறது. தகுந்த மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல், அல்லது நியாயமற்ற நேரத்துக்கு, அல்லது நியாயமற்ற நிலைமையில் பிள்ளையை விட்டுப் போவது குற்றம். 2016இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பொறுப்பான ஒரு பெரியவரிடம் விட்டுவிட்டு வருவது இதில் அடங்காது. கூட்டத்துக்குள் இறக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்புவது வேறு கதை.

அந்தப் பிரிவில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்றோரை மட்டும் அது சொல்லவில்லை. அந்த நேரத்தில் பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவரையும் சேர்த்தே சொல்கிறது. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அழைப்பில் எழுதியவர் எவ்வளவு பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பதை அடுத்த மாதம் நீங்கள் அழைப்பு எழுதும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் உங்கள் கணவர் நினைப்பதுபோல், நடப்பது எல்லாவற்றுக்கும் அழைத்தவர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார். நஷ்டஈடு கேட்பவர், அவர் எடுக்க வேண்டிய நியாயமான கவனத்தை எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைக்கு ஒவ்வாமை இருப்பதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்? விளையாட்டுக்கூட வாசலில், "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கும் படிவமும் இப்படித்தான். அதில் கையெழுத்திட்டால் எல்லா உரிமையும் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம், போகாது என்று மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிராகத் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் உடற்காயத்துக்கான நஷ்டஈட்டைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கேட்க முடியாது. வழக்கறிஞரை வைத்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

குளம்: இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும் நொடிகளில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. கத்துவதற்கு எங்கே போவது? தலை பின்னால் சாய்ந்து, உடம்பு செங்குத்தாக, ஏணி ஏறுவதுபோல் கைகள் தண்ணீரை அழுத்தும். பார்ப்பவருக்கு விளையாடுவதுபோல் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் இருபது பெரியவர்கள் நிற்கும் விழாக்களிலேயே இது நடக்கிறது: எல்லாரும் இருப்பதால் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

நீந்தத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை நீங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். அதாவது நீங்களும் தண்ணீருக்குள். குளத்தோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பதும், பேரங்காடிக்குப் போய்விடுவதும் தண்ணீரைப் பொறுத்தவரை ஒன்றுதான். இரண்டு கைகளிலும் மாட்டும் காற்றுப் பட்டையும் வாத்து வளையமும் விளையாட்டுச் சாமான்கள். கழன்றுவிடும், காற்று இறங்கிவிடும், வளையத்தோடு பிள்ளை தலைகீழாகவும் கவிழும். உடம்புக்குச் சரியாகப் பொருந்தும், கவட்டையில் பட்டை உள்ள மிதவைச் சட்டை வாங்குங்கள். அதைப் போட்டாலும் தொடும் தூரம் மாறாது. முழங்கால் ஆழக் குழந்தைக் குளத்துக்கும் இதே விதி. உயிர்காப்பாளர் இருக்கிறார் என்பதும் விலகுவதற்குக் காரணமாகாது. அவர் கண் குளம் முழுவதுக்குமானது, உங்கள் மகளுக்கு மட்டுமானதல்ல.

கோலாலம்பூரில் மாலை நான்கு, ஐந்து மணிக்கு இடி மழை வருவது உங்களுக்கே தெரியும். இடி கேட்டதும் எல்லாரும் தண்ணீரை விட்டு ஏற வேண்டும்; கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்கக் கூடாது. அப்போது என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து இருபது பிள்ளைகள் ஈரக் காலோடு ஒரே நேரத்தில் மண்டபத்துக்குள் ஓடுவார்கள், வழவழப்பான தரையில் வழுக்குவார்கள், ஒரே கழிப்பறையில் உடை மாற்ற வரிசை நிற்கும். அழைத்த வீட்டார் கேக்கைத் திறந்துகொண்டிருப்பார்கள். குளத்து வேலிக் கதவு திறந்தே கிடக்கும். உங்கள் மகளுக்கு நீங்கள் தலை துவட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது.

உடை மாற்றும் விஷயத்தையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுப் பெண்பிள்ளையின் நீச்சல் உடையை யார் கழற்றி மாற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டின் பெரிய அண்ணனோ உறவுக்கார அங்கிளோ உதவிக்கு வரலாம். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் வருவார்கள். இருந்தாலும் அதை நீங்களே செய்யுங்கள். "நீச்சல் உடை மூடுற இடத்தை அம்மாவும் டாக்டரும் தவிர யாரும் தொடக் கூடாது, டாக்டர் பார்க்கும்போதும் அம்மா கூட இருப்பேன். யாராவது தொட்டு 'சொல்லாதே'ன்னு சொன்னா, உடனே அம்மாகிட்ட சொல்லணும்" என்று கிளம்பும் முன் சாதாரணக் குரலில் சொல்லி வையுங்கள். எப்போதாவது அப்படி ஒன்றைச் சொன்னால், துருவித் துருவிக் கேட்காமல் முழுக்கக் கேட்டுக்கொண்டு போலீஸில் புகார் செய்யுங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணிலும் 24 மணி நேரமும் பேசலாம்.

முட்டை: "சாப்பிட மாட்டாள்" என்று சொல்லாதீர்கள்

நம்மவர் விழாக்களில் இது மிகவும் சிக்கலான இடம். "மகள் முட்டை சாப்பிட மாட்டாள்" என்று நீங்கள் சொன்னால், சைவம் என்றோ விரதம் என்றோதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். உடனே "கேக்கில இருக்கிறது தெரியாது, ஒரு துண்டுதானே" என்ற தாராளம் வந்துவிடும். "முட்டை உள்ளே போனால் உதடு வீங்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஊட்டும் கைகள் நின்றுவிடும்.

முட்டை கேக்கில் மட்டும் இல்லை. சாண்ட்விச்சில் தடவிய மயோனைஸ், மீ கோரேங், சில நகெட்டுகளின் மேல்மாவு, பளபளக்க முட்டை பூசிய பப், கேக் மேல் நிற்கும் வெள்ளைச் சர்க்கரைப் பூக்கள் எல்லாவற்றிலும் இருக்கலாம். முட்டையில்லாத கேக் வாங்கியிருந்தாலும், பக்கத்தில் உள்ள சாதாரண கேக்கை வெட்டிய அதே கத்தியால் வெட்டினால் பயனில்லை. வீட்டிலேயே இரண்டு கப் கேக் செய்து மூடிய டப்பாவில் கொண்டு போங்கள். கேக் வெட்டும் நேரத்தில் அவள் தட்டில் வையுங்கள். எல்லாரும் சாப்பிடும்போது அவளும் சாப்பிடுவாள், கண் பக்கத்துத் தட்டுக்குப் போகாது.

எதிர்வினை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் மருத்துவர் கொடுத்த மருந்தைக் கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள். குரல் கரகரத்தால், இருமல் நிற்காவிட்டால், மூச்சில் இரைச்சல் கேட்டால், நாக்கு வீங்கினால், பிள்ளை துவண்டால் அது அவசரம். அலர்ஜி சிரப் அதை நிறுத்தாது. அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டுவிட்டு 999ஐ அழையுங்கள். படுக்க வையுங்கள், மூச்சு திணறினால் உட்கார வைக்கலாம், நடக்க விடாதீர்கள். உதடு ஒருமுறை வீங்கியிருக்கிறது என்கிறீர்கள். அந்த ஊசி தேவையா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். என்ன கண்டால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பள்ளிக்கும் அது வேண்டும்.

கூட இருப்பது எப்படி

அழைத்தவருக்கு இன்றே எழுதிவிடுங்கள். "வணக்கம் சிஸ். சனிக்கிழமை மகள் கண்டிப்பா வருவா. தண்ணி இருக்கிறதால நானும் அவளோட இருக்கேன், எனக்குச் சாப்பாடு கணக்கு வேண்டாம். அவளுக்கு முட்டை அலர்ஜி, உதடு வீங்கிடும். கேக் நானே கொண்டு வர்றேன். பிள்ளைங்களைக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போற வேலையை என்கிட்ட விட்டுடுங்க. கார் நம்பர் அனுப்புறேன், செக்யூரிட்டிகிட்ட பதிஞ்சிடுங்க." இப்படி எழுதினால், நம்பவில்லை என்று எந்த வீட்டாரும் நினைக்க மாட்டார்கள். பதினைந்து பிள்ளைகளோடு திண்டாடப் போகிறவருக்கு இன்னொரு ஜோடிக் கை கிடைக்கிறதே என்று நிம்மதிதான் வரும். பெற்றோர் இருக்கவே கூடாது என்று யாராவது வற்புறுத்தினால், எவ்வளவு நெருங்கிய தோழியானாலும், அந்த விழாவுக்கு நான் பிள்ளையை அனுப்பச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மாமியாரின் மரியாதை எண்ணத்தை நான் மதிக்கிறேன். கல்யாணத்துக்கும் காதணி விழாவுக்கும் குடும்பமாகப் போவதுதான் அழகு. இதுபோன்ற விழாவில் சாப்பாடும் பார்ட்டி பேக்கும் தலைக் கணக்கில் வாங்கப்பட்டிருக்கும். அதைவிட முக்கியம், குளத்தோரம் ஒன்றரை வயதுக்காரன் கையை உதறிக்கொண்டு ஓடும்போது மகளின் மேல் உங்கள் கண் இருக்காது. "சின்னவனை நீங்கதான் அத்தை பார்த்துக்கணும்" என்று அவரிடமே கேளுங்கள்.

மண்டபத்துக்குள் முதல் 15 நிமிடம் அவள் பக்கத்தில் இருங்கள். பிறகு ஓர் இடத்தைக் காட்டி, "அம்மா இந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில இருப்பேன்" என்று சொல்லிவிட்டு விலகுங்கள். அந்த நாற்காலியை மாற்றாதீர்கள். கழிப்பறைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள். அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி வந்து மடியைத் தொட்டுவிட்டுப் போனால், "போ, போய் விளையாடு, எல்லாரும் பார்க்கறாங்க" என்று வெட்கப்படுத்த வேண்டாம். தொட்டுவிட்டுத் தானாகவே போவாள், இடைவெளியும் நீளும். விளையாட்டில் அவளுக்காக நீங்கள் பேசாதீர்கள், நாற்காலி போட்டியில் அவள் தோற்றால் நியாயம் கேட்கப் போகாதீர்கள். இருப்பது நல்லது, ஆடுவது அவள் வேலை.

எப்போது விட்டுவிட்டு வரலாம்

வயதை விட, அவளால் என்ன முடிகிறது என்பதைப் பாருங்கள். தானே கழிப்பறைக்குப் போய்க் கழுவிக்கொள்கிறாளா, முழுப் பெயரும் உங்கள் கைப்பேசி எண்ணும் சொல்கிறாளா, பழக்கமில்லாத ஆன்டியிடம் போய் "எனக்கு முட்டை ஆகாது", "வயிறு வலிக்குது" என்று வாய் திறந்து சொல்கிறாளா, அழுதால் இன்னொருவர் சமாதானப்படுத்த விடுகிறாளா? இவற்றில் கடைசி இரண்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு வயதில்தான் கைகூடும். தமிழ்ப்பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகள் ஓடட்டும்.

அதுவரை சிறிது சிறிதாகப் பழக்கலாம், உங்கள் கணவரின் கவலைக்கும் அதுவே பதில். நன்கு பழகிய ஒரு வீட்டில், தண்ணீர் இல்லாத, நான்கைந்து பிள்ளைகள் மட்டும் உள்ள ஒரு மதியத்தில் அரை மணி நேரத்தில் தொடங்குங்கள். அது சரியாகப் போனால் ஒரு மணி நேரம். அவரே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கூட்டி வரட்டும். விடும் நாளில் பெயர் சொல்லி ஒரு பெரியவரிடம் ஒப்படையுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்பது ஒப்படைப்பு ஆகாது. அவர் எண்ணை வாங்கி அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். கூட்டிப் போக யார் வருவார் என்று சொல்லி, வேறு யார் வந்தாலும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் திரும்பக்கூடிய தூரத்தில் இருங்கள்; சனிக்கிழமை மாலை மழை பிடித்துவிட்டால் செந்தூலுக்கும் வங்சா மாஜுவுக்கும் இடையே 10 நிமிடம் என்பது நடக்காத காரியம்.

அடுத்த மாதம் உங்கள் வீட்டு விழா

அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "ஒவ்வொரு பிள்ளையுடனும் பெற்றோரில் ஒருவர் இறுதிவரை இருக்க வேண்டுகிறோம்." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இருக்கலாமா போகலாமா என்று தயங்குகிறவர்கள் நன்றிதான் சொல்வார்கள். டாஸ்கா பராமரிப்பு மையங்களில் மூன்று வயது முடிந்து நான்கு வயது ஆகாத பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. அது தினமும் பழகிய அறையில், அந்த வேலையைத் தவிர வேறு வேலை இல்லாத ஆளுக்கான கணக்கு. கேக், பாட்டு, படம் பிடிப்பது, வந்தவர்களை உபசரிப்பது என்று பிரிந்து நிற்கும் உங்களுக்கு நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதே நெருக்கடிதான்.

குளம் வேண்டாம் என்று சொல்வேன். வைத்தே ஆக வேண்டுமென்றால் தொடக்கத்தில் 45 நிமிடம், பெற்றோரும் தண்ணீரில். பிறகு எல்லாரையும் ஏற்றித் தலை எண்ணி, வேலிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கேக். கேக் முடிந்து இன்னொருமுறை குளிக்க விடாதீர்கள். தண்ணீரைப் பார்க்கும் வேலையை 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள்: கழுத்தில் ஓர் அட்டை, கையில் கைப்பேசி கிடையாது, அடுத்தவர் கழுத்தில் அட்டையை மாட்டிய பிறகுதான் நகரலாம்.

சாப்பாட்டு மேசையில் முழு திராட்சை, வட்டமாக வெட்டிய சாசேஜ், வறுத்த கச்சாங் (நிலக்கடலை), பாப்கார்ன், கடின மிட்டாய், சிறிய கப் ஜெல்லி ஆகியவைதான் தொண்டையில் அடைப்பவை. திராட்சையையும் சாசேஜையும் நீளவாக்கில் நான்காகப் பிளந்து வையுங்கள். மற்றவற்றை இந்த வயதுக்கு வைக்கவே வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடட்டும், வாயில் உணவோடு ஓடக் கூடாது. அடைத்துக்கொண்டு இரும முடியாமல் போனால், முன்னால் குனிய வைத்து இரு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அடி, வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்தம், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இன்னொருவர் அதற்குள் 999ஐ அழைக்கட்டும்.

வெடித்த பலூன் துண்டை எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வாயில் வைத்து உறிஞ்சினால் மூச்சுக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். வெடித்தவுடன் பொறுக்கிவிட ஒருவரை வையுங்கள். நம் விழாக்களில் கேக் வெட்டும்போது அடிக்கும் ஸ்னோ ஸ்பிரேயைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பல ஸ்பிரேக்களில் எரியக்கூடிய வாயு இருக்கிறது. மெழுகுவர்த்திச் சுடர் மேல் பட்டால் பிள்ளையின் முகத்துக்கு நேரே தீப் பற்றும்.

இந்த வயதுக்கு இரண்டு மணி நேரம் போதும். கடைசி 15 நிமிடத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போதுதான் பிள்ளைகள் தவறிப் போகிறார்கள். அதனால் பார்ட்டி பேக்குகளை மண்டபத்தின் நடுவில் வைத்துக் கொடுக்காமல், உங்கள் கணவரை வாசலில் நிறுத்தி, பெயர்ப் பட்டியலைப் பார்த்து, பெற்றோரின் கையில் பிள்ளையின் கை இருப்பதைக் கண்ட பிறகே பையை நீட்டச் சொல்லுங்கள்.